பந்து போயிற்று கோவைக்கு!

வீடு மாறுகிறவர் கட்டிலை வண்டியில் ஏற்றலாம், அலமாரியை ஏற்றலாம், ஆள் வைத்துத் தூக்கி ஆட்டுக்கல்லையும் ஏற்றலாம். தெருமுனையில் நின்று கையசைக்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர், அவரை ஏற்ற முடியுமா? முடியாது என்பது குடக்கூலி கொடுத்துக் காலம் தள்ளும் ஏழைக்குத் தெரியும். கால்பந்துக் கழகங்களை நடத்தும் கனவான்களுக்குத் தெரிவதில்லை. பந்தை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும், தேருக்குப் பின்னே திரள் வருவதுபோலக் கூட்டம் வந்து சேரும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் என்ன ஆயிற்று என்று அறிய அயல்நாட்டுக் கதை தேடி அலைய வேண்டியதில்லை. நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

சென்னை சிட்டி என்றொரு கழகம் இருந்தது. 'இருந்தது' என்று எழுதும்போதே பேனா சற்றுத் தயங்குகிறது, தோழர்களே! 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரோடு பிறந்த கழகம் அது. நகரின் லீக் ஆட்டங்களிலே நெடுங்காலம் கால் பதித்து, பெயரை மாற்றிக்கொண்டு, 2016-17 பருவத்தில் ஐ-லீக் என்னும் அகில இந்தியப் போட்டியில் அடியெடுத்து வைத்தது. பிறப்பிலே சென்னை, பெயரிலே சென்னை, ஆடிய களமும் சென்னை: பெரியமேட்டிலே நிற்கும் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம். ஒரே ஒரு பருவம். அடுத்த பருவத்தில், 2017-18இல், களம் கோவை நேரு விளையாட்டரங்கம்! இடையிலே ஏறக்குறைய 500 கிலோமீட்டர்!

அந்தப் பருவத்தில்தான் ஐ-லீக்கும் ஐ.எஸ்.எல். போட்டியும் முதன்முதலாக ஒரே காலத்தில் நடந்தன. பெரியமேட்டு அரங்கிலே சென்னையின் எஃப்.சி. ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த தம்பி வசதியோடு வந்தான். 1946இல் பிறந்த அண்ணன் மூட்டை கட்டினான். காரணம் எதுவாகவேனும் இருக்கட்டும். காரணம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், ஒரு கேள்வி அதனடியிலே நசுங்கிக் கிடக்கிறது: கூட்டத்தைக் கேட்டார்களா?

காசிமேட்டிலே வலை சீர்செய்கிற இருவர் அந்நாளில் பேசிக்கொண்டிருந்தால், பேச்சு இப்படித்தான் இருந்திருக்கும்:

"இன்னாண்ணே, மேட்ச் எங்க?"

"கோயமுத்தூர்ல."

"நம்ம டீமு மேட்ச்சா?"

"பேரு நம்ம பேருதாம்பா."

'பேரு நம்ம பேருதான்.' அந்த மூன்று சொல்லிலே அடங்கியிருக்கிற ஏக்கத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? வரவிலா, செலவிலா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நம் கரையை அறியாதவர்கள், 'பந்தாட்டம் பார்க்க இத்தனை பதைப்பா?' என்று கேட்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கால்பந்து பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக வளரவில்லை. ஆலைச் சங்கு ஊதிய பிறகு, எண்ணெய்க் கறையும் உப்புக் காற்றும் உடம்பிலே ஒட்டியிருக்க, சந்தும் சாலையும் கடற்கரை மணலும் களமாகக் கொண்டு வளர்ந்த ஆட்டம் இது. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், முட்டி காக்கும் உறை வேண்டும், பச்சைப் புல்வெளி வேண்டும். கால்பந்துக்கு என்ன வேண்டும்? ஒரு பந்து, இருபது பேருக்குச் சேர்த்து ஒரே ஒரு பந்து! பொதுவுடைமை பேசுவோர் இதைவிட நல்ல சான்று தேட முடியாது.

தொழிற்சாலையின் பெயரே அணியின் பெயர். திருவொற்றியூரிலே தீக்குச்சி செய்த விம்கோ அணி, துறைமுக அணி, பெரம்பூர்ப் பக்கம் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். அணி என்று, பகலிலே யாரோடு வேலை செய்தானோ அவனையே மாலையிலே களத்தில் கண்டான் தொழிலாளி. நேற்றுப் பக்கத்திலே நின்று பீடிக்கு நெருப்புக் கேட்டவன் இன்று வலைக்குள் பந்தைச் செலுத்தினால், அந்தக் கோலில் தனக்கும் பங்கு உண்டென்று அவன் நினைத்ததிலே தவறென்ன? விம்கோ இன்று ரயில் நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் பெயராக நிற்கிறது. வியாசர்பாடியைச் 'சின்ன பிரேசில்' என்று ஏடுகள் எழுதுகின்றன. எழுதட்டும். ஆனால் பெரிய பிரேசிலுக்கு மாரக்கானா இருக்கிறதே, சின்ன பிரேசிலுக்கு?

நமக்கிருந்த மாரக்கானா பெரியமேடுதான். திருவொற்றியூரில் ரயில் ஏறினால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பாலம், சென்ட்ரல். இறங்கி நடந்தால் அரங்கம். ஷிப்டு முடிந்து வந்து, இரண்டாம் பாதியையாவது பார்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்துவிடலாம். வடசென்னைக்காரன் தன் வீட்டு முற்றம் என்று நினைத்தது அந்த இடத்தைத்தான்.

அது மாநகராட்சி அரங்கமாக இருந்த நாளிலே கிரிக்கெட்டும் அங்கே விருந்தாளியாக வந்து தங்கியிருக்கிறது. 1956 சனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் குவித்தது சேப்பாக்கத்தில் அன்று, இங்கேதான்! 1967இல் விருந்தாளி சேப்பாக்கம் மாளிகைக்கே திரும்பிவிட்டார். போகட்டும், நல்லபடி இருக்கட்டும். கால்பந்துக்காரனுக்குத் திரும்பிப் போக வேறு மாளிகை இல்லை. அவன் அங்கேயே இருந்தான். 1993இல் அரங்கம் புதுப்பொலிவு பெற்றது. அவ்வாண்டு நேரு கோப்பைப் போட்டி சென்னையில் நடந்தது. மேடை உயர்ந்தது, விளக்கு எரிந்தது. களத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓடுபாதை கிடந்தது. ஆட்டக்காரனின் முகம் சற்றே தூரமாயிற்று. அதையும் பொறுத்துக்கொண்டான். தூரம் இருபது முப்பது கெஜம்தானே! 500 கிலோமீட்டரை எப்படிப் பொறுப்பது?

கோவைத் தோழர்கள் கோபிக்க வேண்டாம். அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வந்த பிள்ளையை அவர்கள் வாரி அணைத்துக்கொண்டார்கள். 2019 மார்ச் 9ஆம் நாள் அங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். கடைசி ஆட்டம். எதிரே மினர்வா பஞ்சாப். மூன்றாம் நிமிடத்திலேயே எதிரணி கோல் போட்டுவிட்டது. அதே வேளையில் கோழிக்கோட்டிலே ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பை கல்கத்தாவுக்கு. சறுக்கவில்லை! ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி ஒன்று, அசாமின் கௌரவ் போரா இரண்டு, ஆக 3-1 என்று ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள். 43 புள்ளி சென்னை சிட்டிக்கு. 42 புள்ளி ஈஸ்ட் பெங்காலுக்கு. ஒரே ஒரு புள்ளியில் அகில இந்தியப் பட்டம்! தமிழ்நாட்டுக் கழகம் ஐ-லீக் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது அதுவே முதல் முறை.

'சென்னை வென்றது' என்று ஏடுகள் எழுதின. சென்னைக்காரன் கைதட்டினான், கைப்பேசியைப் பார்த்துக் கைதட்டினான். எத்தனை ஓங்கித் தட்டினாலும் கோவைக் களத்துக்குக் கேட்குமா? தன் பிள்ளையின் திருமணத்தைப் புகைப்படத்திலே பார்க்கிற தகப்பனைப் போல, மகிழ்ச்சியிலே ஒரு பங்கும் மனவேதனையிலே ஒரு பங்கும் அவனுக்கு.

சரி, கோவைக்காவது அந்தக் களிப்பு நிலைத்ததா? அதுதான் இல்லை! 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. பங்குக்கு விலை உண்டு, வாங்கலாம், விற்கலாம். கேலரியிலே நின்று தொண்டை வறளக் கத்தியவனுக்கு எத்தனை விழுக்காடு? 2020 மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பைப் போட்டியிலே மாலத்தீவின் மாசியா அணியைச் சென்னை சிட்டி தன் 'சொந்தக் களத்தில்' சந்தித்தது. சொந்தக் களம் எது தெரியுமா? சென்னையல்ல, கோவையல்ல: அகமதாபாத்! சிரிப்பதா, அழுவதா? அடுத்த பருவம் தொற்றுநோய்க் காலம். ஆட்டமெல்லாம் வங்காளத்தில், ஆளில்லா அரங்குகளில். 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலைப் புரட்டினால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. முதலில் சென்னைக்காரன் இழந்தான். பிறகு கோவைக்காரனும் இழந்தான். 1946 முதல் 75 ஆண்டு! வேரைப் பெயர்த்துத் தொட்டியிலே வைத்தார்கள். தொட்டியைத் தூக்கித் தூக்கி வண்டியிலே வைத்தார்கள். செடி என்ன செய்யும்?

இந்த இடத்திலே ஒரு நண்பர் குறுக்கிடுவார். படித்தவர், பண்பானவர், வரவு செலவு தெரிந்தவர். "தோழரே! உணர்ச்சியைக் கொட்டுகிறீர். உணர்ச்சி ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தருமா? பழைய அரங்கைக் கட்டிக்கொண்டு அழுதால் வளர்ச்சி ஏது? உலகமெல்லாம் கழகங்கள் களம் மாறுகின்றனவே!"

மாறுகின்றன. மறுக்கவில்லை. பழைய மேடையெல்லாம் புனிதம் என்று பூசை போடுகிறவனும் அல்லன் நான். 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்திலே நெரிசலில் சிக்கி 16 பேர் மாண்டார்கள். பந்தாட்டம் பார்க்கப் போன பிள்ளை பிணமாக வருவதற்கு எந்தப் பழமையும் ஈடாகாது. 1984இல் உப்பு ஏரி அரங்கம் எழுந்தது. பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. 1997இல் அதே இரு கழகங்கள் மோதியபோது அங்கே கூடியவர்கள் 1,31,000க்கும் மேல்! ஆனால் கவனியுங்கள்: அரங்கம் அதே கல்கத்தாவில். மைதானத்திலே இருந்த கூடாரத்தையும் கழகங்கள் கைவிடவில்லை. ஆட்டம் போயிற்று, அடுப்பு அணையவில்லை.

நண்பர் உலகத்தைக் காட்டினாரே, நாமும் காட்டுவோம். இலண்டன் கிழக்குப் பகுதி, தேம்சு ஆற்றங்கரை, கப்பல் கட்டும் இரும்பாலை. நம் கரையின் உடன்பிறந்தது போன்ற ஊர். 1895இல் அந்த ஆலைத் தொழிலாளர் தொடங்கிய கழகம்தான் பின்னாளில் வெஸ்ட் ஹாம் ஆயிற்று. சம்மட்டிதான் இன்றும் அதன் சின்னம். 1904 முதல் அப்டன் பார்க் களம். வீதியின் இருபுறமும் வீடுகள், வீடுகளுக்கு நடுவே மேடை. மூலை உதை உதைக்கிறவனின் மூச்சுச் சத்தம் முன்வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். 2016 மே 10ஆம் நாள் கடைசி ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்று விடைபெற்றார்கள். இடித்தார்கள், அடுக்குமாடி எழுந்தது. கழகம் 2012 ஒலிம்பிக் அரங்குக்குப் போயிற்று. மூன்றே மைல் தொலைவு. இடமும் பழையதைவிடப் பெரிது. வளர்ச்சிதானே? ஆனால் அங்கேயும் ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டிய அரங்கம். ஆட்டம் தூரத்திலே தெரிந்தது. பழைய வீதியிலே ஆட்ட நாளன்று அலைமோதிய தின்பண்டக் கடைகள் ஈயோட்டின. 2018 மார்ச்சில் பர்ன்லியோடு ஆட்டம் நடக்கையிலே பொறுமை இழந்தவர்கள் களத்துக்குள்ளே ஓடினார்கள். ஒருவர் மூலைக் கொடியைப் பிடுங்கி வந்து களத்தின் நட்டநடுவிலே நின்றார். தோல்வி மட்டுமா அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது? இரண்டாண்டாக நெஞ்சிலே சேர்ந்த புழுக்கம்.

அதே நாட்டிலே, இன்னொரு துறைமுகத்திலே, இன்னொரு கதை. இலிவர்பூலின் எவர்ட்டன் கழகம் 1892 முதல் குடிசன் பார்க் களத்திலே ஆடிவந்தது. களத்தின் மூலையிலே ஒரு மாதா கோவில் ஒட்டிக்கொண்டு நிற்கும்; நம் இராயபுரத்துக்காரர் பார்த்தால் இராயப்பர் கோவில் பக்கம் நிற்பதாகவே நினைப்பார். நகர எல்லைக்கு வெளியே கெர்க்பி என்ற ஊருக்குப் போகலாமா என்று 2007இல் கழகம் தன் ரசிகர்களிடம் வாக்கெடுப்பே நடத்தியது! 59 விழுக்காட்டினர் சரி என்றனர். 2009இல் அரசு அனுமதி மறுத்துவிட்டது, அது வேறு. கேட்டார்களா இல்லையா? கடைசியில் கழகம் போனது எங்கே? நகருக்குள்ளேயே, இரண்டு மைலில், 1848இல் திறந்த பழைய கப்பல்துறையைத் தூர்த்து எழுப்பிய அரங்குக்கு. முப்பாட்டன் சரக்கு இறக்கிய இடத்திலே பேரன் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான். கப்பல்துறையைத் தூர்த்ததை எதிர்த்தவர்களும் உண்டு. 2021இல் இலிவர்பூலை உலக மரபிடப் பட்டியலிலிருந்து யுனெஸ்கோ நீக்கியதற்கு இந்த அரங்கமும் ஒரு காரணம். நோகாமல் எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் 2025 மே 18இல் ஆடவர் அணி குடிசனுக்கு விடைகொடுத்தபோது அந்தக் களத்தை இடிக்கவில்லை; கழகத்தின் மகளிர் அணிக்குக் கொடுத்தார்கள். அன்று பழைய களத்தில் கடைசிக் கோலைப் போட்டவர் இலிமான் என்டியாயே. ஆகஸ்ட் 24இல் புதிய களத்தின் முதல் லீக் ஆட்டத்திலே முதல் கோலைப் போட்டவரும் அதே என்டியாயே! ஒரே கால், இரண்டு களம். முதியவர்கள் அழுதார்கள், அழுதுகொண்டே புதுக் களத்துக்கு நடந்தார்கள். நடந்து போகும் தூரத்திலே அது இருந்தது!

ரசிகனைத் துச்சமாக எண்ணியவர்கள் பெற்ற பாடமும் ஒன்று உண்டு. விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்சு என்ற தொலைதூர நகருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி தந்தார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கண்ணீர் விட்டார்களா? விட்டிருப்பார்கள். ஆனால் சில வாரங்களிலேயே புறம்போக்குப் புல்வெளியிலே ஆள் தேர்வு நடத்தித் தாங்களே ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். அடித்தட்டு லீக்கிலே ஆரம்பித்து, 2011இல் தொழில்முறை லீக்குக்கு ஏறி, 2020 நவம்பரில் தங்கள் பழைய பிளவ் லேன் பகுதியிலேயே புது அரங்கம் கட்டிக் குடிபுகுந்தார்கள். பணம் போட்டவர்களிலே சாதாரண ரசிகர்கள் ஏராளம். பட்டா முதலாளியிடம் இருந்தது; பந்து அவர்களிடம் திரும்பி வந்தது.

சென்னையிலே அப்படி யாரும் கிளம்பவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே ஒரு பருவம் பக்கத்திலே இருந்த அணிக்காக, அன்றாடம் கூலிக்கு ஓடுகிறவன் கழகம் கட்டுவான் என்று எதிர்பார்ப்பது கடுமை. மேலும், அவனுக்கு இழந்து பழக்கம். 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்திலே தத்தளித்தபோது சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதியின் 'சென்னை' ஆட்டத்தைப் புனேயிலே ஆடியது. 3-0 என்று வென்றது. அந்த மாதமே கோவாவில் பட்டமும் பெற்றது. இடுப்பளவு நீரிலே நின்றவன் எப்படிப் பார்ப்பான்? அது இயற்கை செய்தது, யாரையும் நோகவில்லை. 2018 மார்ச்சில், அதே சென்னையின் அணி பெரியமேட்டிலே அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியபோது நடுவிலே ஒரு கோல் வடசென்னையில் வளர்ந்த தனபால் கணேஷ் தலையிலும் காலிலும் கற்ற வித்தையால் வந்தது. அந்தக் கோலைப் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி வந்து சேர முடிந்ததே, அந்த வசதிக்குத்தான் சொந்தக் களம் என்று பெயர். சட்டப் புத்தகத்திலே வேறு பெயர் இருக்கலாம்.

ஆகவே, கழகம் நடத்தும் கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பம் என்ற சொல் பிடிக்காவிட்டால் கோரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை சென்னையின் பெயரைச் சூட்டிக்கொண்டு இன்னொரு கழகம் எழலாம். இருக்கிற கழகமே புதுக் களம் தேடலாம். தேடுங்கள். வரைபடத்தை விரிக்கும்போது வடக்குப் பக்கத்தையும் சேர்த்து விரியுங்கள். விம்கோ நகருக்கு 2021 முதல் மெட்ரோ ஓடுகிறது. தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. களம் மாற்றுவதற்கு முன்னே ஒரு மாலைப்பொழுது, ஷிப்டு விடுகிற நேரத்திலே, காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, 'போகலாமா?' என்று கேளுங்கள். இங்குள்ளவர்கள் எடுத்த எடுப்பிலே மறுக்கிறவர்கள் அல்லர். எவ்வளவு தூரம், டிக்கெட் என்ன விலை, ராத்திரி ஆட்டம் முடிந்தால் வீடு திரும்ப ரயில் உண்டா என்று மூன்று கேள்வி கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வாருங்கள்.